வன்னியில் வாப்பா, புத்தளத்தில் பிள்ளைகள்

வவுனியாவை நம்மில் பலர் யாழ்ப்பாணம் போகும் வழியில் தேநீர் குடிக்க இறங்கும் ஊராகவே அறிவோம். ஏ-9 வீதியில் பஸ் நிற்கும், கால் மணி நேரத்தில் புறப்பட்டுவிடும். அடுத்த முறை போனால் ஒரு நாள் தங்குங்கள். வயது போனவர்களை இந்த வன்னி மண் எப்படித் தாங்கி வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

நகரை ஒட்டிய கோவில்குளத்தில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. அதன் நிர்வாகம் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஓர் இல்லமும் முதியோருக்கு ஓர் இல்லமும் நடத்தி வருகிறது. 2009 இல் யுத்தம் முடிந்தபோது ஏறத்தாழ 3 லட்சம் பேர், பெரும்பாலோர் செட்டிகுளம் பக்கத்து மெனிக் பாம் முகாம்களில், அடைபட்டிருந்தார்கள். அங்கிருந்து முதலில் வெளியே விடப்பட்டவர்களில் 60 வயது கடந்தவர்களும் உண்டு. விட்டார்கள், சரி. வீடு தரைமட்டம், பிள்ளை இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது என்ற நிலையில் எங்கே போவது? அப்படிப்பட்டவர்களைக் கோவில்குளம் ஏற்றுச் சோறு போட்டது. இந்தச் செய்தியைக் கேட்டு "நல்ல மனிதர்கள்" என்று சொல்லிவிட்டு நாம் போய்விடக் கூடாது. பட்டாணிச்சூர்ப் பள்ளிவாசல்காரர்களுக்கு அது கூப்பிடு தூரம். போய்ப் பார்த்து, எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டு வரலாமே!

மாதம் இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு முதியோரைப் பராமரிக்கும் இல்லங்கள் கொழும்பிலும் கண்டியிலும் பெருகிவிட்டன. வன்னியில் அந்தக் கணக்கு எடுபடாது. இங்கே இல்லம் என்றால் பெரும்பாலும் தர்மத்தில் ஓடுவதுதான். ஆகவே செலவு எவ்வளவு என்று கேட்பவர், இல்லத்தின் கட்டணத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் பார்க்க வேண்டும்.

வாருங்கள், மாங்குளம் சந்தியில் கிழக்கே திரும்பி முல்லைத்தீவுப் பக்கம் போவோம். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் எல்லாம் நம்மவர் வாழ்ந்த ஊர்கள். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது இந்த ஊர்களும் காலியாகின. பெரும்பாலோர் புத்தளத்தில் போய்க் கிடுகுக் கொட்டிலில் ஒதுங்கினார்கள். அன்று 35 வயதில் பெண்சாதி பிள்ளைகளோடு ஓடியவருக்கு இப்போது 70 தாண்டிவிட்டது.

2009 க்குப் பிறகு திரும்பி வந்தவர்களில் யார் நிலைத்தார்கள் என்று பாருங்கள். பிறந்த மண்ணின் ஞாபகம் உள்ள வாப்பாவும் உம்மாவும் வந்தார்கள். பிள்ளைகளுக்கோ புத்தளம்தான் ஊர். பள்ளிக்கூடம், கடை, சம்பந்தம் எல்லாம் அங்கேயே ஆகிவிட்டன. யாராவது ஆளிருந்தால்தான் காணி நம்முடையதாக நிற்கும் என்று கிழவரும் கிழவியும் காவல் இருக்கிறார்கள். வாப்பா வன்னியில், பிள்ளை புத்தளத்தில். நடுவே மாங்குளம், வவுனியா, அநுராதபுரம் என்று மாறி மாறி 200 கிலோமீட்டருக்கு மேல் பஸ் பயணம். உம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தால் மகன் வந்து சேர அரை நாளாவது ஆகும். அதுவும் அன்றைய கூலியை விட்டுவிட்டு!

சட்டம் இல்லாமல் இல்லை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. பிள்ளைகள் இல்லாத, அல்லது பிள்ளைகள் கைவிட்ட ஆதரவற்ற முதியோருக்கு அரசு தங்குமிடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத முதியவர், பிள்ளையிடம் செலவுக்குப் பணம் கோரிப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. ஆனால் எந்த உம்மா பெற்ற மகன் மேல் மனுக் கொடுப்பாள்? "அவனே கஷ்டப்படுறான்" என்று அவனுக்காகவும் சேர்த்துப் பேசுவாள்.

பணம் என்று பார்த்தால், வருமானம் குறைந்த 70 வயது கடந்தவர்களுக்கு அரசின் மாதாந்தக் கொடுப்பனவு இருக்கிறது. முன்பு 2,000 ரூபாயாக இருந்தது, பிறகு 3,000 ஆகி, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ஆக உயர்ந்தது. வவுனியா மாவட்டத்தை வாட்டும் சிறுநீரக நோய்க்கு ஆளான வறியவர்களுக்கான உதவி அதே ஆண்டில் 7,500 இலிருந்து 10,000 ஆனது. அல்ஹம்துலில்லாஹ், மருந்துக்கும் சீனி தேயிலைக்கும் இது உதவும். ஆனால் பக்கத்தில் இருந்து கஞ்சி காய்ச்சிக் கொடுக்க, குளிக்க வார்க்க, கிளினிக் நாளில் கைபிடித்துக் கூட்டிப் போக ஓர் ஆளை 5,000 ரூபாய்க்கு வைக்க முடியுமா? ஒரு வாரச் சம்பளத்துக்கே காணாது. முதுமையின் உண்மையான செலவு அந்த ஆளின் சம்பளம்தான்.

இல்லத்தில் சேர்க்கலாமே என்பீர்கள். நம்மவர் தயங்குவதற்கு மானம் மட்டும் காரணமல்ல. உளூச் செய்யத் தண்ணீர் எடுத்துத் தருபவர் யார், நோன்புக்கு ஸஹருக்கு எழுப்புபவர் யார், மவுத்தானால் ஜனாஸாவைக் குளிப்பாட்ட நம்மாட்களுக்குச் சொல்லி அனுப்புவார்களா என்பதெல்லாம் அவர்கள் மனதில் ஓடுகிறது. இதை வீண் பயம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

என் புத்திக்கு எட்டிய யோசனை ஒன்று. தனி இல்லம் கட்டக் கல்லும் சீமெந்தும் சேர்ப்பதற்கு முன், பள்ளிவாசல் நிர்வாகம் தன் மஹல்லாவில் தனித்திருக்கும் முதியவர்களை எண்ணட்டும். அடுத்தடுத்து நாலு வீடு என்றால், உள்ளூரில் விதவையாக இருக்கும் ஒரு சகோதரியைச் சம்பளத்துக்கு அமர்த்தலாம். காலையில் இரண்டு வீடு, அஸருக்கு முன் இரண்டு வீடு. சம்பளம் நாலாகப் பிரியும். புத்தளத்துப் பிள்ளைகள் தங்கள் பங்கை அனுப்பட்டும், முடியாதவருக்கு ஸகாத்திலிருந்து கொடுக்கலாம். அவளும் பிழைப்பாள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. 60 வயது நிறைந்தவருக்கு முதியோர் அடையாள அட்டை உண்டு. அரச அலுவலகங்களிலும் ஆஸ்பத்திரியிலும் வரிசையில் முன்னுரிமை கேட்க அது உதவும். வாப்பாவுக்கு அது இருக்கிறதா? கொடுப்பனவுக்குப் பெயர் பதிந்தாயிற்றா? கிராம அலுவலரிடமும், பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் நேரில் விசாரியுங்கள். பயிற்சி பெற்ற வீட்டுப் பராமரிப்பாளர் கிடைப்பாரா என்பதையும் கேளுங்கள். உங்கள் தொலைபேசி இலக்கத்தை அங்கேயும் பக்கத்து வீட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், பக்கத்து வீட்டார் தமிழரானால் என்ன, சிங்களவரானால் என்ன. ஒரு விஷயம்: ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். உம்மாவைப் பார்க்கலாம், ஆனால் செயலகம் பூட்டியிருக்கும்.