கடலைப் பார்ப்பதா, கிணற்றைப் பார்ப்பதா?

யாழ்ப்பாணத்தவர்க்குக் கடல் புதியதொரு பொருளன்று. வடக்கே பாக்கு நீரிணை, கிழக்கே வங்கக்கடல், தெற்கிலும் மேற்கிலும் பரவைக்கடலும் தீவுகளும். குடாநாட்டின் எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் நெடும்பொழுது செல்லுமுன் ஏதேனுமொரு கரையை அடைந்துவிடலாம். இருந்தும், கடற்கரையிலே நாலு நாள் தங்கி இளைப்பாறி வருவோம் என்று குடும்பத்தோடு புறப்படும் வழக்கம் எம்மவரிடையே அரிது. போகிறோம்; குளிக்கிறோம்; பொழுது சாயுமுன் வீடு திரும்புகிறோம். அண்மையில் இருப்பதனாலேயே அருமை தெரியாமற் போகும் பொருள்களில் கடலும் ஒன்று போலும்.

எமது குடும்பமும் இதற்கு விலக்கன்று. நாம் கல்லூரியொன்றிலே கற்பிப்பவர், வசிப்பது திருநெல்வேலியில். ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று கீரிமலைக்குச் சென்று, காலஞ்சென்ற தந்தையாருக்குரிய கடனைச் செய்து, கேணியில் நீராடி, அடுத்த பஸ் வண்டியில் திரும்பிவிடுவோம். கடல் எமக்குப் பிதிர்க்கடன் செய்யும் இடமாக இருந்ததேயன்றிப் பிள்ளைகளோடு விளையாடும் இடமாக இருந்ததில்லை.

அதற்குக் காரணமும் உண்டு. எமது சொந்த ஊர் கீரிமலைக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூர். 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. அப்போது எமக்குப் பத்து வயது. அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் 2009இல் முடிந்த பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக மீண்டன. எல்லாம் ஒரே காலத்தில் மீளவில்லை. எமது வளவு மீண்டபோது அம்மா ஒருமுறை வந்து, தெருவில் நின்றபடியே பார்த்துவிட்டுத் திரும்பினார். உள்ளே கால் வைக்கவில்லை. அதன்பின் அதைப்பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

இந்நிலையில், சித்திரை விடுமுறைக்குச் சில வாரங்கள் முன்பு எமது மகள், "அப்பா, ஒரு நாளாவது கடற்கரையிலே நித்திரை கொண்டு எழும்ப வேணும்" என்று விண்ணப்பித்தாள். தம்பியும் அக்காவின் கட்சியிலே சேர்ந்துகொண்டான். போவது என்று உடனே முடிவாயிற்று. எங்கே தங்குவது என்பதற்குத்தான் வீட்டிலே ஓர் ஆலோசனைச் சபை கூடவேண்டியதாயிற்று.

மகளின் தெரிவு காரைநகர்க் கசூரினா கடற்கரை. பொன்னாலைப் பாலத்தைக் கடந்து, ஈழத்துச் சிதம்பரம் விளங்கும் அவ்வூரின் வடகரையை அடைந்தால், சவுக்கு மரங்களின் நிழலிலே வெண்மணற் பரப்பு. அங்கே கடல் ஆழம் குறைந்தது. நெடுந்தூரம் நடந்தாலும் ஆழம் சிறிது சிறிதாகவே கூடும். நீந்தத் தெரியாத பிள்ளைகளுக்கு அதனிலும் நல்ல கடல் குடாநாட்டில் இல்லையென்றே சொல்லலாம்.

மகனோ, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் ஹமென்ஹீல் கோட்டையிலேதான் தங்கவேண்டும் என்றான். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அது. பிற்காலத்திலே சிறையாகவும் இருந்தது. போருக்குப் பின்னர்க் கடற்படையினரால் விடுதியாக்கப்பட்டது. "சிறையிலே படுக்கக் காசு கொடுக்கிறதோ?" என்று அப்பம்மா கேட்டதும் சபையிலே சிரிப்பு எழுந்தது, பிரேரணை கைவிடப்பட்டது.

எமது இல்லத்தரசி வடமராட்சியைச் சேர்ந்தவர். அவர் பருத்தித்துறையையும் வல்லிபுரத்தையும் மணற்காட்டையும் எடுத்துரைத்தார். 1916இல் எழுந்த பருத்தித்துறை வெளிச்சவீடு, வல்லிபுர ஆழ்வார் கோயிலைச் சூழ்ந்த மணற்குன்றுகள், மணற்காட்டிலே மணலுக்குள் புதையுண்ட பழைய தேவாலயம் ஆகியவை காணத்தக்க காட்சிகள்தாம். ஆனால் அங்கே கிழக்குக் கரை திறந்த வங்கக்கடலை நோக்கியது. வடகரையின் அலையை நீரிணையின் ஆழமின்மை அடக்குகிறது. கிழக்கிலே அந்தத் தடுப்பு இல்லை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை பேரழிவு செய்த கரையும் அதுவே. கண்ணுக்கு அக்கடல், காலுக்கு வேறு கடல் என்று கொண்டோம்.

செலவைக் குறைக்கக் கோயில் மடங்களிலே தங்கலாமே என்று நாம் மெல்லச் சொன்னோம். அம்மா உடன்படவில்லை. "மடம் அடியாருக்கு உரியது, தம்பி. நாங்கள் விளையாடப் போறம்; அவையின்ரை இடத்தைப் பிடிக்கக் கூடாது" என்றார். அது நியாயமே.

இறுதியாக அம்மா தமது கருத்தைக் கூறினார். ஊரின் பெயர் எதையும் அவர் சொல்லவில்லை. "எங்கையெண்டாலும் போவம். வீட்டைப் பிறகு பாப்பம், முதலிலை தண்ணியைக் குடிச்சுப் பாப்பம்" என்றார்.

பங்குனி மாதத்து ஞாயிறொன்றில் வாடகை வான் ஒன்றை அமர்த்திக்கொண்டு இடம் பார்க்கப் புறப்பட்டோம். முதலிற் பார்த்த இல்லம் ஒரு கரையிலே, அலை வந்து தொடும் தூரத்தில் இருந்தது. எந்தக் கரையென்பது இங்கே வேண்டாம். யன்னலைத் திறந்தால் கடல், புதிய கட்டில்கள், வாடகையும் எமக்கு எட்டியதே. பிள்ளைகள் அப்போதே தங்கிவிட ஆயத்தமாயினர். அம்மா கிணற்றடிக்குச் சென்று ஒரு செம்பு தண்ணீர் கேட்டார். ஒரு மிடறு பருகினார். மிகுதியை அங்கு நின்ற செவ்வரத்தையின் அடியிலே மெல்ல ஊற்றினார். "இந்தத் தண்ணியிலை பருப்பு அவியாது" என்றார். வீட்டுக்கார அம்மையாரும் மறைக்கவில்லை; குடிக்கவும் சமைக்கவும் பவுசர் வண்டியிலேதான் தண்ணீர் வருகின்றதென்று ஒப்புக்கொண்டார்.

இதனை முதியவர் ஒருவரின் பிடிவாதமென்று எண்ணிவிடலாகாது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. எமது நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் மாரிமழை அதன் வெடிப்புகளினூடே இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் ஒரு படுக்கைபோல் மிதந்து நிற்கின்றது. உப்புநீர் நன்னீரைவிடச் சற்றுக் கனமானது. ஆகையினால், கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரையில் நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடிநீர் நூலோர் கூறும் கணக்கு. ஊரின் நடுவிலே தடித்திருக்கும் இப்படுக்கை கரையை அணுக அணுக மெலிந்துபோகும். அங்கே வலிய இயந்திரங்கொண்டு அளவின்றி இறைத்தால், கீழேயிருந்து உப்பு மேலேறிவிடும். ஒருமுறை சவராகிய கிணறு மீண்டும் நன்னீராக மாரிகள் பல வேண்டும். கடலின் அழகு எவ்வளவு அண்மையில் இருக்கின்றதோ, அவ்வளவுக்குக் கிணற்றின் நன்மை தூரத்தில் இருக்கக்கூடும்.

அடுத்துக் கசூரினாவைப் பார்த்தோம். கடல் குறையற்றது. ஆனால் காரைநகரின் குடிநீர்க் குறை நெடுங்காலமாக யாவரும் அறிந்தது. விடுமுறை நாட்களிற் சனக்கூட்டமும் மிகுதி. பகலிலே வந்து நீராடுவதற்கு அது. இரவிலே தங்குவதற்கு வேறிடம் என்று தீர்மானித்தோம்.

பொழுது சாயும் வேளையிலே, எவரும் சொல்லாமலே, வான் கீரிமலைப் பக்கம் திரும்பிற்று. மீளக் குடியேறிய குடும்பமொன்று தமது வீட்டின் முன்னறைகள் இரண்டை வாடகைக்குக் கொடுப்பதாக நண்பரொருவர் சொல்லியிருந்தார். கடல் அங்கிருந்து பத்து நிமிட நடை. யன்னலைத் திறந்தால் தெரிவது வாழைத்தோட்டம், கடல் அன்று. பிள்ளைகளின் முகம் வாடிற்று. அம்மா கிணற்றடிக்குப் போனார். ஒரு செம்பு நீரையும் பருகினார். இன்னுமொரு செம்பு கேட்டு வாங்கிப் பருகினார். பின்னர்க் கிணற்றுக்கட்டைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றார்.

"எங்கட தண்ணி" என்றார்.

எமது பழைய வளவு அங்கிருந்து இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் இருந்தது. நிலத்தின்மேல் வேலி போடலாம். அடியிலே கிடக்கும் நன்னீர்ப் படுக்கைக்கு வேலி இல்லை. ஆகவே அவர் சொன்னது உண்மையே. அதற்குமேல் நாம் ஆராயவில்லை, முற்பணம் கொடுத்தோம்.

சித்திரையிலே மூன்று இரவுகள் அங்கே தங்கினோம். வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் எழுமுன் கடல் தணிந்திருக்கும் காலம் அது. வெப்பம் கடுமையாயினும் நீர் அமைதியானது. முதல்நாட் காலை கீரிமலைக் கேணிக்குச் சென்றோம். நகுல முனிவரின் கீரிமுகமும் மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகமும் நீங்கிய தீர்த்தமென்ற ஐதிகத்தை அப்பம்மா பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார். ஊரின் அடியிலே ஓடிவரும் நன்னீர் கடலோரத்தில் ஊற்றாக வெளிப்படும் இடமே அக்கேணி என்பதை நாம் சொன்னோம். மகன் ஒரு கை கடல்நீரையும் ஒரு கை கேணிநீரையும் நாவிலே வைத்துப் பார்த்துத் திகைத்தான். பாடப்புத்தகத்தின் பத்துப் பக்கங்கள் அந்த இரண்டு கை நீரிலே அடங்கிவிட்டன. கரை அங்கே முருகைக்கல் நிறைந்தது, செருப்பின்றி நடக்கலாகாது. ஆகையால் கடலிலே நீந்தி விளையாடுவதற்கு மறுநாள் கசூரினாவுக்குப் போய் வந்தோம்.

மூன்றாம் நாள் காங்கேசன்துறைக்குச் சென்றோம். 1990இல் நின்றுபோன புகையிரதம் 2015 தையிலே மீண்டும் வந்து சேர்ந்த நிலையம். நாகபட்டினத்திலிருந்து 2023 அக்டோபரிற் பயணிகள் கப்பல் வந்தடைந்த துறைமுகம். 1950இல் நிறுவப்பட்டு 1990இல் ஓய்ந்த சீமெந்துத் தொழிற்சாலை. ஓர் ஊர் நின்றதையும் மீண்டும் அசைந்ததையும் பிள்ளைகள் கண்ணாலே கண்டனர்.

இரவிலே, யன்னலிற் கடல் தெரியாவிடினும், ஓசை வந்தது. முதலிரவு நள்ளிரவில் விழித்தபோது அம்மா திண்ணையில் அமர்ந்திருக்கக் கண்டோம். "நித்திரை வரேல்லையோ, அம்மா?" என்று கேட்டோம். "முப்பது வருசத்துக்கு மேலை இந்தச் சத்தம் இல்லாமல்தானே நித்திரை கொண்டனான், இண்டைக்குக் கொஞ்சம் கேக்கிறன்" என்றார். நாமும் அருகே அமர்ந்துகொண்டோம்.

புறப்படும் நாட் காலையில், பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருக்கையில், "வளவைப் பாத்திட்டுப் போவம்" என்று அவரே சொன்னார். இம்முறை தெருவில் நிற்கவில்லை. பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு பற்றைகளை விலக்கி உள்ளே நடந்தார். வீடு இருந்த இடத்திலே அத்திவாரமும் அரைச்சுவரொன்றும் எஞ்சியிருந்தன. கிணற்றுக்கட்டு மட்டும் பெரும்பாலும் உடையாமல் நின்றது. எட்டிப் பார்த்தோம். இலைகளும் சருகும் மூடிய நீர். அதனிடையே ஒரு கையளவு வானம் தெரிந்தது. பருகக்கூடிய நீரன்று, அம்மாவும் கேட்கவில்லை. குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதன்முறையாகக் கடலோரத்தில் விடுமுறையைக் கழிக்க எண்ணும் குடும்பங்களுக்கு எமது சிறிய அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். யன்னற் காட்சியை இறுதியாகப் பாருங்கள். முதலிலே தண்ணீரைப் பருகிப் பாருங்கள். குடிநீர் எங்கிருந்து வருகின்றதென்று கேளுங்கள். குழந்தைகள் இறங்கும் கடலின் ஆழத்தையும் அடித்தரையையும் ஊரவரிடம் விசாரியுங்கள். சித்திரையில் நிழலையும், வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும் மாதங்களிலே காற்றுக்கு மறைவையும் தேடுங்கள். ஆடி அமாவாசையை அண்டிய நாட்களிற் கீரிமலையை அடியார்க்கு விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத்தில் மிக மூத்தவர் ஏதேனும் ஒன்றை வற்புறுத்துவாராயின், காரணம் கேட்டு அவரைத் துன்புறுத்தாமல் ஒருமுறை உடன்பட்டுப் பாருங்கள். அவர் சொல்லாத காரணம் இடத்தை அடைந்தபின் விளங்கக்கூடும்.

திரும்பும் வழியிலே மகள், "அடுத்த விடுமுறைக்கு எங்கை தங்கிறது, அப்பா?" என்று தொடங்கினாள். நாம் மீண்டும் சபையைக் கூட்ட ஆயத்தமானோம். அதற்கு அவசியம் ஏற்படவில்லை.

"முதலிலை கிணத்தை இறைப்பம்" என்றார் அம்மா.