ஓசூருக்கு ஒரு ஓட்டு, போச்சம்பள்ளிக்கு நான்கு

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு

நாளை திருநெல்வேலிக்கும் நாளை மறுநாள் கோவைக்கும் புது மேயர் கிடைத்துவிடுவார்கள். போன மாதம் 3-ஆம் தேதி இரண்டு ஊர் மேயர்களும் ஒரே நாளில் ராஜினாமா செய்தார்கள். மாதம் ஒன்று ஆகியும் ஏன் விலகினார்கள் என்று ஓட்டுப் போட்ட மக்களுக்கு யாரும் முழுதாக விளக்கவில்லை. அடுத்து யார் என்று அவர்களிடம் கேட்கவும் இல்லை, கேட்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. நெல்லையில் 55 கவுன்சிலர்கள், கோவையில் 100 கவுன்சிலர்கள். அவர்கள் கூடி ஓட்டுப் போட்டால் மேயர். யாருக்குப் போட வேண்டும் என்பதை அமைச்சர்கள் முன்னிலையில் கட்சிக் கூட்டம் நடத்திச் சொல்லிவிடுகிறார்கள்.

போச்சம்பள்ளியில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது ஒரு வித்தியாசம் கண்ணை உறுத்துகிறது. எங்கள் ஊர் ஊராட்சி. 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் இங்கே ஒவ்வொரு வாக்காளரும் நான்கு ஓட்டுப் போட்டார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா என்று ஆணையம் கொடுத்த சின்னத்தைத் தேடிக் குத்தினார்கள். யார் பிரசிடெண்ட் ஆக வேண்டும் என்பதை அந்த இளஞ்சிவப்புச் சீட்டு முடிவு செய்தது. இதே தாலுகாவில் இருக்கும் நாகோஜனஹள்ளி பேரூராட்சி. அங்கே 2022-இல் ஒரே ஓட்டுதான், அதுவும் வார்டுக்கு மட்டும். ஓசூர் மாநகராட்சியிலும் அப்படித்தான். அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய தொழிற்சாலைகள் கொண்ட நகரத்தில் வாழ்கிறவருக்குத் தன் ஊரின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. சந்தைக்குப் பேர்போன எங்கள் கிராமத்தில் இருப்பவருக்கு இருக்கிறது. நகரத்து மனிதருக்கு விவரம் போதாது என்று யாரும் சொல்லப்போவதில்லை. பிறகு எதற்காக இந்த வேறுபாடு?

ஆகஸ்ட் 5, திங்கள்

நெல்லை முடிவு வந்துவிட்டது. திமுக அறிவித்த வேட்பாளர் கிட்டு என்கிற ராமகிருஷ்ணன் 30 ஓட்டு, அதே கட்சியிலிருந்து போட்டியாக நின்ற பவுல்ராஜ் 23 ஓட்டு. கட்சிக்கு மட்டும் 44 கவுன்சிலர்கள் இருக்கும் மாமன்றம் அது. ஆக, கட்சி சொன்னபடியும் முழுதாக நடக்கவில்லை, மக்கள் சொன்னபடியும் நடக்கவில்லை. அந்த 23 பேர் ஏன் மாறிப் போட்டார்கள் என்பது அவர்களுக்கும் சீட்டுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அவர்களுக்கு நியாயமான காரணமே இருந்திருக்கலாம். ஆனால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நெல்லைக்காரருக்கு வழியில்லை, ஏனென்றால் அது ரகசிய வாக்கெடுப்பு. மக்கள் ஓட்டு ரகசியமாக இருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு. மக்களின் பிரதிநிதி மக்களுக்காகப் போடும் ஓட்டு மக்களுக்கே ரகசியம் என்றால், அந்தப் பாதுகாப்பு யாருக்கு?

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கணக்கையும் எடுத்துப் பார்க்கலாம். ஓசூர் மாநகராட்சியானது 2019-இல். அதன் முதல் மேயர் தேர்தல் 2022 மார்ச் 4-இல் நடந்தது. மொத்தம் 45 வார்டுகள். திமுக 21, காங்கிரஸ் 1, அதிமுக 16, பாஜக 1, பாமக 1, சுயேச்சைகள் 5. பெரும்பான்மைக்கு 23 வேண்டும். எந்த அணியிடமும் அது இல்லை. முடிவில் எஸ்.ஏ.சத்யா 27 ஓட்டுப் பெற்று மேயரானார், எதிர்த்து நின்ற அதிமுக வேட்பாளருக்கு 18. இருபத்திரண்டோடு ஐந்தைக் கூட்டினால் இருபத்தேழு, பதினாறோடு இரண்டைக் கூட்டினால் பதினெட்டு. கணக்கு அப்படித்தான் பொருந்துகிறது. சுயேச்சைகள் தவறு செய்தார்கள் என்றோ, சத்யா தகுதியற்றவர் என்றோ நான் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே ஓசூர் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர், நேரடியாக நின்றிருந்தாலும் ஜெயித்திருக்கலாம். ஆனால் அந்த ஐந்து வார்டுகளில் சுயேச்சைக்குக் குத்தியவர்கள், இரண்டு பெரிய கட்சியும் வேண்டாம் என்றுகூடக் குத்தியிருக்கலாம். தங்கள் சாக்கடைக்கும் தெருவிளக்கிற்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓசூரின் மேயர் யார் என்ற கேள்வி அவர்கள் சீட்டில் இருந்ததே இல்லை. ஆனால் பதில் அங்கிருந்துதான் வந்தது.

இன்னொன்றும் மனதை வருத்துகிறது. 2011-இல் ஓசூர் நகராட்சியாக இருந்தபோது அதன் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். மாநகராட்சியாக உயர்ந்து நடந்த முதல் தேர்தலில் அந்த ஓட்டு போய்விட்டது. மத்திகிரி, ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி எல்லாம் சேர்ந்து ஊர் பெரிதானது, வரி பெரிதானது, உரிமை சிறிதானது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கோவையில் ரங்கநாயகி போட்டியின்றித் தேர்வு. போட்டி இல்லாததால் ஓட்டெடுப்பே இல்லை.

இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் முதலாவது, முதலமைச்சரையும் இப்படித்தானே தேர்ந்தெடுக்கிறோம் என்பது. எம்எல்ஏக்களுக்கு ஓட்டுப் போடுகிறோம், அவர்கள் முதல்வரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், மேயருக்கு மட்டும் ஏன் வேறு நியாயம் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, நடப்போடு ஒட்டவில்லை. சட்டமன்றத் தேர்தலில் எந்தக் கட்சி வந்தால் யார் முதல்வர் என்பது சுவரெழுத்திலேயே இருக்கும். அந்த முகத்துக்குத்தான் பாதி ஓட்டு விழுகிறது. 2022-இல் நகர்ப்புற வாக்குப்பதிவு பிப்ரவரி 19. திமுகவின் மேயர் வேட்பாளர் பட்டியல் வெளியானது மார்ச் 3. மை காய்ந்து பன்னிரண்டு நாள் கழித்துத்தான் யாருக்காக விரலை நீட்டினோம் என்பது தெரிந்தது. சட்டமன்றத்தில் கட்சி தாவினால் பதவி பறிபோகும், 1985-இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணை அதற்கு இருக்கிறது. அந்த அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும்தான், மாமன்றத்துக்கு அல்ல. அந்தக் கட்டுப்பாடு இருந்தும் 2017-இல் எம்எல்ஏக்களைக் கூவத்தூர் விடுதியில் அடைத்துவைத்த கூத்து நடந்தது. கட்டுப்பாடே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2022 மார்ச் 4-ஆம் தேதியே சாட்சி. கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளில் பல ஊர்களில் திமுகவினரே நின்று ஜெயித்தார்கள். கட்சித் தலைமையே வருந்தி அறிக்கை விட்டு, விலகிவிட்டு வந்து பாருங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாவது வாதம் இதைவிடக் கனமானது. மேயர் ஒரு கட்சி, மாமன்றப் பெரும்பான்மை வேறு கட்சி என்று அமைந்தால் தீர்மானம் எதுவும் நிறைவேறாது, ஊர் ஸ்தம்பித்துவிடும் என்பது. அப்படி ஆகாது என்று நான் சொல்லமாட்டேன், ஆகும். ஆனால் எவ்வளவு மோசமாகும் என்பதற்கு ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2012-இல் சிம்லாவில் மேயரையும் துணை மேயரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு பதவியிலும் ஜெயித்தது மார்க்சிஸ்ட் கட்சி. 25 வார்டு உறுப்பினர்களில் அந்தக் கட்சிக்கு மூன்றே பேர். இதைவிடப் பொருந்தாத ஜோடியை யாரும் கற்பனைகூடச் செய்ய முடியாது. சஞ்சய் சௌகானும் டிகேந்தர் பன்வாரும் ஐந்து ஆண்டையும் முடித்தார்கள். சண்டை இல்லாமல் அல்ல, சண்டை போட்டுக்கொண்டே. அதற்குப் பிறகு சிம்லாவும் மறைமுகத் தேர்தலுக்கே திரும்பிவிட்டது. மறுபக்கம் பார்த்தால், மறைமுகத் தேர்தல் இணக்கத்துக்கு உத்தரவாதமா? போன மாதம் 29-ஆம் தேதி காஞ்சிபுரத்தில் மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். கொண்டுவந்தவர்களில் ஆளுங்கட்சிக் கவுன்சிலர்களும் உண்டு. கூட்டத்துக்கு ஒருவரும் வராததால் தீர்மானம் தோற்றது. ஒரே கட்சி மேயர், ஒரே கட்சிப் பெரும்பான்மை, கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தவர். அங்கேயும் ஸ்தம்பிப்புதான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இரண்டு நாளாக விடாமல் நெஞ்சில் நிற்பது வேறொரு ஆட்சேபம். நேரடித் தேர்தல் என்றால் ஆர்.பிரியா சென்னை மேயராகியிருப்பாரா? பதவியேற்றபோது 28 வயது, தலித் பெண், சென்னை மாநகராட்சியின் நீண்ட வரலாற்றில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் பெண். கும்பகோணத்தில் ஆட்டோ ஓட்டிய சரவணன் மேயராகியிருப்பாரா? நகரம் முழுக்கப் பிரசாரம் செய்யப் பணம் வேண்டும், சாதிப் பலம் வேண்டும், இரண்டும் இல்லாதவரைக் கட்சி கைதூக்கிவிட மறைமுகத் தேர்தல்தான் வழி என்கிறார்கள். சமூக நீதியில் அக்கறை உள்ளவர்கள் சொல்லும் வாதம் இது. லேசாக ஒதுக்கக்கூடாது.

கிராமங்களின் வரலாறு இதற்குக் கசப்பான ஆதாரம்கூடத் தருகிறது. 1996-இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் தேர்தலையே முறையாக நடத்தவிடவில்லை. மேலவளவில் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். நேரடி ஓட்டு அவரைக் காப்பாற்றவில்லை. இதை எழுதாமல் நேரடித் தேர்தலுக்கு வாதாடுவது நேர்மையாகாது.

ஆனாலும் யோசித்துப் பார்த்தால் அந்த ஊர்களின் தலித்துகளுக்கு உரிமை கொடுத்தது இடஒதுக்கீடுதான். சென்னையும் தாம்பரமும் தலித் பெண்களுக்கு, ஆவடி தலித்துகளுக்கு, 21 மேயர் பதவிகளில் 11 பெண்களுக்கு என்று 2022-இல் ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீடு நேரடித் தேர்தலிலும் அப்படியே நிற்கும். சென்னையில் மக்கள் ஓட்டுப் போட்டிருந்தாலும் ஒரு தலித் பெண்தான் மேயர். பிரியாவையே நிறுத்தியிருந்தால் கட்சி அவருக்காகத் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டிருக்கும். லட்சக்கணக்கானோர் ஓட்டோடு வந்த ஒரு தலித் பெண்ணின் சொல்லுக்கு ஆணையர் முன்பும் அமைச்சர் முன்பும் இருக்கும் எடை வேறு. மேலிடம் தந்த பதவியை மேலிடம் வாங்கிக்கொள்ளலாம். ஜூலை 3 ராஜினாமாக்கள் அதைத்தான் காட்டின. பாப்பாபட்டியில் 2006-இல் தேர்தல் நடந்தது, தலைவர்கள் வந்தார்கள். அதற்கு வழி செய்தது அரசு நிர்வாகத்தின் உறுதி. அந்த ஊர்களில் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று சட்டத்தை மாற்றியிருந்தால் ஆதிக்கச் சாதிக்கு வேலை இன்னும் சுலபமாகியிருக்கும். ஊரை மிரட்டுவதைவிட சில உறுப்பினர்களை மிரட்டுவது எளிது.

பணத்துக்கும் இதே கணக்குதான். நேரடித் தேர்தலில் செலவு அதிகம் என்பது உண்மை. ஆனால் ஓசூரில் லட்சக்கணக்கானோரைச் சரிக்கட்ட வேண்டும் என்றால் எவ்வளவு பணமும் போதாது. 23 கவுன்சிலர்களைச் சரிக்கட்டினால் போதும் என்றால் பணம் போதும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மாநில அரசால் ஒன்றை மறுக்க முடியாது. இந்த மறைமுகத் தேர்தல் விதியை மாற்றாதே என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை. 74-ஆவது திருத்தம் சேர்த்த 243ஆர் பிரிவு, நகராட்சித் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலத்துக்கே விட்டுவிட்டது. ஒன்றிய, மாவட்ட ஊராட்சிகளுக்கு மட்டும் உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 243சி கட்டிப்போடுகிறது. கொடுத்த சுதந்திரத்தைத் தமிழ்நாடு எப்படிப் பயன்படுத்தியது? 1996-இல் நேரடி, 2006-இல் மறைமுகம், 2011-இல் நேரடி, 2016-இல் மறைமுகம், 2018-இல் மறுபடி நேரடி, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். இரண்டு திராவிடக் கட்சிகளும் இதைச் செய்திருக்கின்றன. 2019-இல் அதிமுக கொண்டுவந்தபோது கண்டித்த திமுக, ஆட்சிக்கு வந்து அதே முறையில் 21 மாநகராட்சிகளையும் கூட்டணிக்குக் கைப்பற்றியது. எந்த மாற்றத்துக்கும் முன்னால் மக்களிடம் கருத்துக் கேட்கவில்லை. எந்த முறை நல்லது என்று ஆராய்ந்து மாற்றியிருந்தால் இருபத்து மூன்று ஆண்டுகளில் ஐந்து முறை மாறியிருக்காது.

மேயருக்கு அதிகாரமே இல்லையே, ஆணையர்தானே நிர்வாகி, யார் தேர்ந்தெடுத்தால் என்ன என்பவர்களும் உண்டு. முதலில் மேயருக்கு அதிகாரம் கொடுங்கள் என்று கொல்கத்தாவைக் காட்டுவார்கள். அங்கே கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் மேயருக்கே தன் குழுவோடு நிர்வாக அதிகாரம் உண்டு. அதிகாரம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஓசூரில் ராமநாயக்கன் ஏரி எந்த ஒரு வார்டுக்கும் சொந்தமல்ல. பெங்களூரு கழிவால் தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணையருகே மிதக்கும் நுரை எந்தக் கவுன்சிலர் தேர்தலிலும் பேச்சாகாது. வேலைக்கு வந்து வாடகைக்கு இருப்பவர், தெலுங்கு பேசுபவர், கன்னடம் பேசுபவர் என எல்லோருடைய வாசலுக்கும் ஒருவர் வந்து ஊர் முழுமைக்குமான கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் நேரடித் தேர்தலில் மட்டும்தான் வரும். அப்படி வந்தவர்தான் அதிகாரம் கேட்டு வாதாடவும் முடியும். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி முதலமைச்சர் ஆவதற்கு முன், 1917-இல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனார். நகரசபை நாற்காலி அன்றைக்கு ஒருவரை உருவாக்கும் இடமாக இருந்தது.

ஓசூர் மாமன்றத்தின் காலம் 2027 மார்ச் வரை. சட்டத்தைத் திருத்த இரண்டரை ஆண்டு அவகாசம் இருக்கிறது. மேயரும் நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களும் நேரடித் தேர்தல் மூலம் வர வேண்டும் என்பதோடு, தேர்தலுக்கு முந்தைய ஓராண்டில் இந்த முறையை மாற்றக்கூடாது என்ற விதியையும் சேர்க்க வேண்டும். இங்கே ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிகிறது. சிப்காட்டும் ஓலா தொழிற்சாலையும் வந்த பிறகு போச்சம்பள்ளியில் வீட்டு வாடகையும் மனை விலையும் ஏறிக்கொண்டே போகின்றன. இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் இந்த ஊர் பேரூராட்சியாகும். இன்றுள்ள சட்டப்படி அன்றைக்கு வாக்குச்சாவடியில் எங்களுக்குக் கிடைக்கப்போவது வார்டுக்கான ஓட்டு மட்டும்தான்.