கடல்மேல் ஓடிய இரயிலும் காலம் கடந்த கட்டளையும்

அமெரிக்க நாட்டு வரைபடத்தை விரித்து அதன் தென்கிழக்கு மூலையைப் பாருங்கள். புளோரிடா மாநிலம் கட்டைவிரல்போல் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விரலின் நுனியிலிருந்து தென்மேற்காக, சரட்டில் கோத்த குண்டுமணிகளைப்போல, சின்னஞ்சிறு தீவுகள் வளைந்து செல்லும். அவற்றைப் 'புளோரிடா கீஸ்' என்று அழைக்கிறார்கள். கடைசித் தீவின் பெயர் கீ வெஸ்ட். அங்கிருந்து கியூபா நாடு ஏறக்குறைய 145 கிலோமீட்டர்தான்.

மயாமி நகரில் காலையில் காரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குக் கீ வெஸ்ட் போய்ச் சேர்ந்துவிடலாம். தீவுக்குத் தீவு பாலம். மொத்தம் 42 பாலங்கள். இடது பக்கம் அட்லாண்டிக் சமுத்திரம், வலது பக்கம் மெக்சிகோ வளைகுடா. பல இடங்களில் தரை கடல்மட்டத்திலிருந்து ஆளுயரம்தான். தண்ணீர் ஓரிடத்தில் பச்சையாகவும் சற்றுத் தள்ளி நீலமாகவும் தெரியும். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் அதைப் பார்க்க மக்கள் வருகிறார்கள்.

வருகிறவர்களுக்கு இன்னொன்றும் கண்ணில் படும். புதிய பாலங்களுக்குப் பக்கத்திலேயே, துருவேறிய பழைய பாலங்கள் கடலில் நிற்கின்றன. சில நடுவிலே அறுபட்டு நிற்கின்றன. அவை கார் போவதற்காகக் கட்டிய பாலங்கள் அல்ல. இரயில் போவதற்காகக் கட்டியவை. அந்த இரயிலின் கதையை நம் தோட்டத்து மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதிலே நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

கடலில் போட்ட தண்டவாளம்

எண்ணெய் வியாபாரத்தில் பெரும் பணக்காரரான ஹென்றி ஃபிளாக்லர் என்பவர், தமது முதிய வயதில், மயாமி வரை இருந்த இரயில் பாதையைக் கீ வெஸ்ட் வரை கொண்டுபோக நினைத்தார். 1905-இல் வேலை தொடங்கியது. "கிழவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது" என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். ஒரு சமயத்தில் சுமார் 4,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். பஹாமாஸ் தீவுகளிலிருந்தும் கேமன் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள் பலர். நியூயார்க் வீதிகளில் ஆள்பிடித்து அனுப்பப்பட்டவர்களும் உண்டு. வழிச்செலவுக் கடனைக் காட்டி ஆட்களைக் கட்டிப்போட்டு வேலை வாங்கினார்கள் என்று ஒரு வழக்குக்கூட நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஆள்பிடிப்பவர்கள் விடுதலையானார்கள். கப்பல்செலவுக் கடனோடு பால்மரக் காட்டுக்கு வந்த நம் பாட்டன்மார் கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

கொசுக்கடி ஒரு பக்கம். குடிக்கும் தண்ணீரைக்கூட வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய நிலை மறுபக்கம். 1906, 1909, 1910 ஆகிய ஆண்டுகளில் புயல்கள் வந்து வேலையைக் குலைத்தன. 1906 புயலில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் பலர் மிதவை வீடுகளில் தங்க வைக்கப்பட்டிருந்தவர்கள்.

கடைசியில் 1912 ஜனவரி 22-ஆம் தேதி, 82 வயது ஃபிளாக்லர் தமது இரயிலில் கீ வெஸ்ட் வந்து இறங்கினார். மறு ஆண்டே அவர் காலமானார். அதன்பின் 23 ஆண்டுகள் அந்த இரயில் கடல்மேல் ஓடியது.

மறக்கப்பட்ட சிப்பாய்கள்

முதல் உலகப்போரில் சண்டையிட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அரசாங்கம் ஓர் உபகாரத்தொகை தருவதாகச் சொல்லியிருந்தது. அது 1945-இல்தான் கைக்கு வரும். 1930-களில் நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். பசி தாங்காத முன்னாள் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் 1932-இல் தலைநகர் வாஷிங்டனுக்கு வந்து, பணத்தை இப்போதே தாருங்கள் என்று கேட்டார்கள். இராணுவத்தை விட்டு அவர்களை விரட்டியடித்தார்கள்.

பிறகு வந்த அரசாங்கம், அப்படிப்பட்டவர்களில் சில நூறு பேரை இந்தத் தீவுகளுக்கு அனுப்பிச் சாலைப் பாலம் கட்டும் வேலையைக் கொடுத்தது. அவர்களுக்காக மூன்று முகாம்கள் போடப்பட்டன. துணிக் கூடாரங்களும் இலேசான பலகைக் குடிசைகளுமே வீடு. கடற்கரையோரம் புயல் காலத்தில் அப்படித்தான் அவர்கள் வசித்தார்கள். சொந்த வண்டி கிடையாது. தப்பிக்க ஒரே வழி இரயில். அந்த இரயிலை வரவழைக்கும் அதிகாரமோ அவர்கள் கையில் இல்லை.

தாமதம் மேல் தாமதம்

1935 செப்டம்பர் 2, திங்கட்கிழமை. அமெரிக்காவில் அன்று தொழிலாளர் தினம். நமக்கு மே முதல் நாள் எப்படியோ, அவர்களுக்குச் செப்டம்பர் முதல் திங்கள் அப்படி. விடுமுறைக்காகச் சிப்பாய்களில் ஒரு பகுதியினர் மயாமிக்குப் போயிருந்தார்கள். போனவர்கள் பிழைத்தார்கள்.

அந்தக் காலத்தில் விண்கலமும் இல்லை, ராடாரும் இல்லை. கடலில் போகும் கப்பல்கள் அனுப்பும் தந்தியை வைத்துத்தான் புயல் எங்கே இருக்கிறதென்று கணித்தார்கள். புயல் இன்னும் தெற்கே, கியூபா பக்கமாகப் போய்விடும் என்று எண்ணியிருந்தார்கள். ஆனால் அது திசை மாறியது. ஞாயிறன்று சாதாரணமாக இருந்த புயல் ஒரே நாளில் அசுரபலம் கொண்டது.

முகாம் அதிகாரிகள் இரயில் கேட்டது திங்கள் பிற்பகலில்தான். விடுமுறை நாள், ஆட்களைத் திரட்ட வேண்டும், பெட்டிகளைக் கோக்க வேண்டும். 11 பெட்டிகளோடு மீட்பு இரயில் மயாமியை விட்டுக் கிளம்பும்போது மாலை 4:25. சற்றுத் தூரத்தில் ஆற்றுப் பாலம் படகுகளுக்காகத் தூக்கப்பட்டிருந்தது. அங்கே ஒரு பத்து நிமிடம் போயிற்று. ஹோம்ஸ்டெட் என்ற ஊரில், திரும்பி வரும்போது என்ஜின் முன்னால் இருக்க வேண்டுமென்று அதைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டினார்கள். அங்கே கொஞ்ச நேரம் போயிற்று. தீவுகளுக்குள் நுழைந்தபின், காற்றில் தொங்கிய ஓர் இரும்புக் கயிறு என்ஜினில் மாட்டிக்கொண்டது. அதை அறுத்து விடுவிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் பெரிய குற்றமாகத் தெரியாது. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

இரவு எட்டு மணி கடந்து, இரயில் ஐலமொராடா என்ற சிற்றூர் நிலையத்தை அடைந்தது. கும்மிருட்டு. இரயிலில் ஏற மக்கள் முண்டியடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அந்த நேரத்தில் சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்துக்குக் கடல் எழுந்து தீவின்மேல் புரண்டது. 11 பெட்டிகளும் தண்டவாளத்தை விட்டுச் சரிந்தன. கனத்த என்ஜின் ஒன்றுமட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் எண் 447. அதற்கப்பால் இருந்த முகாம்களுக்கு இரயில் போய்ச் சேரவே இல்லை. அங்கே தண்டவாளத்தில் நின்ற ஒரு தண்ணீர்த் தொட்டி வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிர் தப்பியவர்கள் உண்டு.

இறந்தவர்கள் 400-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் 250-க்கும் அதிகமானோர் அந்தச் சிப்பாய்கள். போர்க்களத்தில் பிழைத்தவர்களைப் புயல் கொண்டுபோயிற்று.

அப்போது கீ வெஸ்டில் குடியிருந்த புகழ்பெற்ற எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே, படகில் போய் அந்தக் காட்சியைப் பார்த்தார். புயல் மாதத்தில் இவர்களை அங்கே அனுப்பி வைத்து அப்படியே விட்டது யார் என்று கேட்டுக் காரசாரமாக ஒரு கட்டுரை எழுதினார். அரசாங்கம் அனுப்பிய விசாரணையாளர்களோ, சில நாட்களிலேயே, இது தெய்வச் செயல் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

புயலை அனுப்பியது தெய்வமாக இருக்கலாம். இரயிலுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவர்கள் மனிதர்கள்தானே!

நினைவுச்சின்னம்

அந்தத் தண்டவாளம் மீண்டும் போடப்படவில்லை. இரயில் நிறுவனத்திடம் பணமில்லை. பாதையையும் பாலங்களையும் மாநில அரசாங்கம் வாங்கி, அவற்றின்மேலேயே சாலை போட்டு 1938-இல் திறந்தது. புதிய பாலங்கள் பின்னால் கட்டப்பட்டன. பழைய ஏழு மைல் பாலத்தின் ஒரு துண்டு பழுதுபார்க்கப்பட்டு 2022-இல் திறக்கப்பட்டது. அதிலே நடந்தும் சைக்கிளிலும் சிறு தீவு ஒன்றுக்குப் போய் வரலாம். இரயில் பாதை போட்ட தொழிலாளர்கள் தங்கிய பிஜன் கீ என்ற தீவு அது.

ஐலமொராடாவில், சாலையோரத்தில் 1937-இல் எழுப்பிய ஒரு கல் நினைவுச்சின்னம் இருக்கிறது. புயலில் வளையும் தென்னைகளையும் எழும்பும் அலைகளையும் அதிலே செதுக்கியிருக்கிறார்கள். அதன் கீழே சுமார் 300 பேரின் சாம்பல் இருக்கிறது. சிப்பாயும் ஊராரும் ஒரே குழியில் கிடக்கிறார்கள். பக்கத்தில் கடை கண்ணிகள், சுற்றுலாக் கூட்டம். நின்று பார்க்காமல் போகிறவர்களும் பலர்.

ஆளில்லாமல் போன இரயில்

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை நோக்கி வந்தது. ஆம்ட்ராக் என்பது அமெரிக்காவின் பயணிகள் இரயில் நிறுவனம். புயலுக்கு முன் தன் பெட்டிகளை வெளியூருக்குக் கொண்டுபோக அது முடிவு செய்தது. பல நூறு பேருக்கு இடமிருக்கிறது என்று நகராட்சிக்குச் சொன்னதாக இரயில்காரர்கள் கூறினார்கள். அப்படி எதுவும் தமக்கு வரவில்லை என்றார் மேயர். சனிக்கிழமை இரவு அந்த இரயில் பயணிகள் இல்லாமலே புறப்பட்டுப் போயிற்று. கார் இல்லாத ஏழை மக்கள் ஊரிலே தங்கிவிட்டார்கள். பின்னர் வெள்ளத்தில் பட்டபாட்டை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2008-இல் குஸ்தாவ் புயல் அதே நகரை நோக்கி வந்தது. இம்முறை முன்கூட்டியே இரயில்கள் ஏற்பாடாயின. சுமார் 2,000 பேரை அவை மெம்ஃபிஸ் நகருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. தண்டவாளமும் அதுதான், ஊரும் அதுதான். கட்டளை மட்டும் நேரத்தோடு வந்தது.

இரயிலை ஏன் நிறுத்துகிறார்கள்?

இப்போது புயல் வருகிறதென்றால் அமெரிக்காவில் ஒன்றிரண்டு நாட்களுக்கு முன்பே பயணிகள் இரயில்களை நிறுத்திவிடுகிறார்கள். புளோரிடாவில் 2022-இல் இயன் புயலுக்கும் 2024-இல் மில்டன் புயலுக்கும் அப்படித்தான் செய்தார்கள். கடும் காற்று வீசுவதற்கு 48 மணி நேரம் முன்பே முதல் அறிவிப்பும், 36 மணி நேரம் முன்பே எச்சரிக்கையும் கொடுக்க முயல்வது இன்றைய வானிலைத் துறையின் முறை.

நிறுத்துவதிலும் வேலை இருக்கிறது. பெட்டிகளை மேடான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காற்றில் பிய்ந்துவிடாமல் சாலைக் கடவுகளின் தடுப்புக் கட்டைகளைக் கழற்றி வைக்க வேண்டும். தூக்குப்பாலங்களை இறக்கிப் பூட்ட வேண்டும். வேலையாட்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் குடும்பத்தைப் பார்க்கவும் நேரம் வேண்டும். புயல் ஓய்ந்தபின், மரம் விழுந்திருக்கிறதா, தண்டவாளத்தின் அடியில் கல்லும் மண்ணும் அரித்திருக்கிறதா என்று முழுப் பாதையையும் பார்த்த பிறகுதான் முதல் இரயில் ஓடும்.

டிக்கெட் எடுத்து வைத்த பயணிக்கு அது எரிச்சல்தான். வானம் வெளுத்திருக்கும்போதே இரயில் இல்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் வெயில் அடிக்கும்போது நிறுத்திய இரயிலால் யாரும் சாவதில்லை.

நமக்கு என்ன?

நம் நாட்டில் அப்படிப்பட்ட புயல் இல்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. 2014 டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தானில் கெமூபு இரயில் பாலமே அடித்துக்கொண்டு போனதை நாம் மறக்கவில்லை. தமிழ்நாட்டில் 1964 டிசம்பர் புயல் இரவில், தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் இரயிலைக் கடல் விழுங்கியதும் நம் பெரியவர்களுக்குத் தெரிந்த கதையே.

மழைக்காலத்தில் இரயில் இல்லை, பஸ் இல்லை என்று அறிவிப்பு வந்தால், முணுமுணுப்பதோடு நின்றுவிடாதீர்கள். கிழவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீடுகளுக்கு அதே நாளில் மாற்று வழி கேளுங்கள். ஆற்றோரத்தில் குடியிருப்பவர்கள், லோரி எப்போது வரும், யார் அனுப்புவார், எந்த மேட்டுக்குப் போவது என்று மழை தொடங்குமுன்பே நிர்வாகத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கக் கூட்டத்தில் கேட்பதற்கு இதுவும் ஒரு நல்ல கேள்விதான்.

அந்தச் சிப்பாய்கள் இரயில் வரும் என்று நம்பிக் காத்திருந்தார்கள். இரயிலும் வரத்தான் செய்தது; ஐந்தாறு மணி நேரம் முன்னால் வந்திருந்தால், அந்தக் கல்லுக்கு அடியில் இத்தனை பேரின் சாம்பல் இருந்திருக்காது.