வேலைக்காரியான கேர்டா

தேவதைக் கதைகள் அரண்மனையிற் பிறந்தவை என்ற எண்ணம் நம்மவரிடையே வலுவாக உண்டு. மகுடமும் மாளிகையும் அவற்றில் மலிந்திருப்பதே அதற்குக் காரணம் போலும். ஆனால், அத்தகைய கதைகளுட் புகழ்பெற்ற பலவற்றை ஆக்கிய டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சன், செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவருக்கும் சலவைத் தொழில் செய்த தாய்க்கும் 1805இல் மகனாகப் பிறந்தவர். வறுமையை அவர் ஏட்டிற் படித்து அறிந்தவரல்லர்.

1844இல் வெளிவந்த அவரது ‘பனி அரசி’யின் நாயகி கேர்டா ஓர் ஏழைச் சிறுமி. அவளும் காய் என்னும் சிறுவனும் அயல் வீடுகளின் கூரையடி அறைகளில் வாழ்பவர்கள். தோட்டம் வைக்க நிலமற்ற பெற்றோர், மரப்பெட்டிகளில் மண் நிரப்பி ரோசாச்செடி வளர்க்கிறார்கள். மாயக் கண்ணாடியின் சில்லுகள் கண்ணிலும் நெஞ்சிலும் தைத்த சிறுவனைப் பனி அரசி கவர்ந்து செல்கிறாள். அவனைத் தேடிப் புறப்படும் கேர்டாவிடம் படையில்லை, மந்திரமில்லை; பனி மாளிகையை அணுகும்போது காலிற் பாதணியும் இல்லை. அவளது கண்ணீரே அவன் நெஞ்சை உருக்குகிறது.

இக்கதையைத் தூண்டுகோலாகக் கொண்டு டிஸ்னி நிறுவனம் 2013இல் ‘ஃபுரோசன்’ என்னும் சித்திரப்படத்தை வெளியிட்டது. அதிற் பனி அரசி, எல்சா என்னும் இளம் அரசியாகிறாள். தேடிச் செல்பவள் அவளுடைய தங்கை, இளவரசி அன்னா. அவ்வாறாயின் கேர்டாவும் காயும் எங்கே? இருக்கிறார்கள். அரண்மனைப் பணியாளர் இருவருக்கு அப்பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன!

பழங்கதையை மாற்றுவதே குற்றம் என்று நாம் வாதிடவில்லை. கதைகள் வாய்க்கு வாய் மாறியே வளர்ந்தவை. கிறிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட முதற் பதிப்பில் வெண்பனிச் சிறுமியைக் கொல்ல முனைபவள் பெற்ற தாய். 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாயானாள். ‘ஃபுரோசன்’ கூட, இளவரசனின் முத்தத்தை நம்பியிராமல் சகோதரியரின் அன்பால் மீட்சி வரும் என்று காட்டியது. அது பாராட்டத்தக்கதே. எனினும், மாற்றம் எவர் நலனை நோக்கி நிகழ்கிறது என்று கேட்பது நம் கடமை.

இதற்கான விடையைப் பொம்மைக் கடையிற் காணலாம். அரசிக்கு முடிசூட்டு ஆடை விற்கலாம்; மகுடம் விற்கலாம்; பனி மாளிகையையே பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கலாம். வெறுங்காலுடன் நிற்கும் கேர்டாவுக்கு எதை விற்பது? பார்பி பொம்மையை 1959இற் சந்தைக்குக் கொண்டுவந்த மட்டெல் நிறுவனம் இவ்வழியில் மறுமுனையிலிருந்து நடந்தது. 2001இல் ‘நட்கிராக்கர்’, 2002இல் ‘றப்பன்சல்’ எனப் பழங்கதைகளிற் பொம்மையே நாயகியாகத் தோன்றும் படங்களை அது வெளியிட்டது. அங்கே கதை பொம்மைக்குப் பணிவிடை செய்கிறது.

கீழ்வகுப்பு மாணவருக்கு நாம் ‘பனி அரசி’யைத் தமிழிற் சொன்னபோது, கேர்டா எந்த நாட்டு இளவரசி என்று ஒரு சிறுமி வினவினாள். இளவரசி அல்லள் என்றோம். “அப்ப ஏன் சேர் அவளின்ர கதையைச் சொல்லுறியள்?” என்றாள். கேட்ட பிள்ளையின் தந்தை கூலித் தொழிலாளி. தன்னைப் போன்ற ஒருத்தி கதைக்குத் தகாதவள் என்பதை அவளுக்கு எவரும் பாடமாகக் கற்பிக்கவில்லை. திரையும் கடை அலுமாரியும் சேர்ந்து சொல்லாமலே சொல்லிக்கொடுத்து விட்டன.

வேறு வழி இல்லாமலில்லை. 1957இற் சோவியத் நாட்டில் லெவ் அட்டமானவ் இயக்கிய ‘பனி அரசி’ சித்திரப்படமே. அதிற் கேர்டா கேர்டாவாகவே வருகிறாள், அவளே நாயகி. ஏழைச் சிறுமியை நடுவில் நிறுத்தியும் அழகிய படம் எடுக்கலாம் என்பதற்கு அது சான்று.

ஆசிரிய நண்பர்களே, பொம்மையைப் பிள்ளையின் கையிலிருந்து பறிக்க வேண்டியதில்லை. அதனை வைத்து அவள் விளையாடட்டும். ஆனால், கூரையடி அறையிலிருந்து புறப்பட்டு வெறுங்காலுடன் பனியைக் கடந்த சிறுமியின் கதையையும் அவள் கேட்கட்டும். அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை; ஒரு பாடவேளை போதும்.