அக்காவின் குரலுக்கு இரண்டு பெட்டிகள்

ஸ்டூடியோ மானிட்டர் வாங்கப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரி, "இருக்கிற திரை நல்லாத்தானே இருக்கு?" என்றாள். திரை இல்லை, ஒலிபெருக்கி. அதிலும் பாட்டுக் கேட்பதற்கானது இல்லை. பதிவு செய்த பாட்டைச் சரிபார்ப்பதற்கானது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வீட்டில் உட்கார்ந்து ஏதாவது பதிவு செய்ய நினைக்கும் என் வயதுக்காரர்கள் யாருக்காவது உதவும்.

வீட்டு ஸ்பீக்கர் நம்மைச் சந்தோஷப்படுத்துவதற்கென்று செய்யப்படுவது. அடித்தொனியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், மேலே கொஞ்சம் மினுமினுப்புச் சேர்க்கும். கல்யாண வீடியோக்காரர் எல்லார் முகத்தையும் சிவப்பாக்கிக் கொடுப்பாரே, அந்த மாதிரி. மானிட்டரின் வேலை வேறு. கூட்டாமல் குறைக்காமல், பதிவில் இருப்பதை இருக்கிறபடி சொல்ல வேண்டும். இருமல் இருந்தால் இருமல், ஃபேன் சத்தம் இருந்தால் ஃபேன் சத்தம்.

எனக்கு இது எதற்கு என்றால், அக்காவுக்காக. அக்காவுக்கு வயது 79. அத்தான் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். எங்கள் தெருவில் "சொல்தா வீடு" என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். 1954 நவம்பர் 1-ஆம் தேதி காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது. 1962-இல் ஒப்பந்தம் முழுதாக நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களில் அத்தானும் ஒருவர். அந்த ஒரு கையெழுத்தால் இன்று அக்காவின் மகள் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறாள், பேத்திக்குத் தமிழைவிடப் பிரெஞ்சுதான் வாயில் வருகிறது. அந்தப் பேத்திக்குக் கார்த்திகையில் பிரசவம். "பாட்டி பாடுற தாலாட்டு எல்லாம் வேணும் மாமா, எம்பிள்ளை அதைக் கேட்டுத் தூங்கணும்" என்று போனில் அவள் அம்மா சொன்னாள். அக்காவிடம் தாலாட்டு மட்டுமில்லை. நலங்கு, நடவுப் பாட்டு, எங்கள் அம்மாவிடமிருந்து வந்த ஒப்பாரி என்று ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. குரல்தான் வருஷத்துக்கு வருஷம் மெலிகிறது. போன தைக்கு எட்டிய இடத்தை இந்தத் தைக்கு எட்டவில்லை.

ஒரு மைக்கும், அதைக் கம்ப்யூட்டரில் சேர்க்கும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கி முதல் தாலாட்டைப் பதிந்தேன். போனில் போட்டால் அக்கா மூக்கால் பாடினாள். டிவிக்குக் கீழே இருக்கும் நீட்டு ஸ்பீக்கரில் ஆம்பளைக் குரல் போலக் கனத்தது. தம்பி மகனின் காரில் வேறு யாரோ. பக்கத்தில் உட்கார்ந்து பாடிய அக்கா மூன்றிலும் இல்லை. எதை நம்பிக் குரலைத் திருத்துவது? டிவி ஸ்பீக்கரை நம்பி அடித்தொனியை வெட்டினால் பாரிஸில் கேட்கிறவளுக்கு நூல் மாதிரி ஒரு குரல்தான் போய்ச் சேரும்.

ஹெட்போன் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். இரைச்சலையும் வெட்டு ஒட்டையும் கண்டுபிடிக்க ஹெட்போனே நல்லது. ஆனால் அதில் குரல் தலைக்குள்ளே ஒலிக்கிறது. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து பாடுகிற உணர்வு அதில் வருவதில்லை.

வீட்டில் பதிவு என்றதும் நம் ஆட்களுக்கு ஏ.ஆர்.ரகுமான் ஞாபகம் வரும். 1989-இல் கோடம்பாக்கத்தில் வீட்டுப் பின்புறத்தில் அவர் பஞ்சதன் ஸ்டூடியோவைத் தொடங்கினார், 1992-இல் 'ரோஜா' வந்தது. அதோடு நம் கதையை ஒப்பிட்டு லட்சங்களுக்குக் கணக்குப் போட வேண்டாம். எனக்குத் தெம்பு கொடுத்தவை வேறு இரண்டு பெட்டிகள். ஒன்று, பிபிசிக்காரர்கள் 1970-களில் செய்த எல்.எஸ்.3/5ஏ. வெளி ஒலிபரப்பு வேனில் பெரிய பெட்டி வைக்க இடமில்லை என்பதற்காக ஒரு அடி உயரத்தில், 5 அங்குலக் கூம்பு வைத்துச் செய்தது. அவர்களுக்கு முக்கியம் பேச்சுக் குரல். மனிதக் குரல் மனிதக் குரலாகக் கேட்கிறதா என்பதே பெரிய சோதனை. இன்னொன்று யமஹாவின் என்.எஸ்.10. வெள்ளைக் கூம்பு, கறுப்புப் பெட்டி. 1978-இல் வீட்டுக்கென்று விற்பனைக்கு வந்தது. வீட்டில் கேட்டவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஸ்டூடியோக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். இந்தப் பெட்டியில் நன்றாகக் கேட்டால் எந்தப் பெட்டியிலும் நன்றாகக் கேட்கும் என்பது அவர்கள் கணக்கு. மேல்தொனி காதைக் குத்துகிறது என்று டிஷ்யூ காகிதத்தை அதன் முன்னால் ஒட்டி வைத்தே வேலை பார்த்தவர்களும் உண்டு. 2001-இல் தயாரிப்பு நின்றுபோனது. அழகாகப் பாடாததே அதன் பெருமை.

காரைக்காலில் மானிட்டரைப் போட்டுக் கேட்டு வாங்கக் கடை இல்லை. சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஒரு நாள் கூடுதலாகத் தங்கினேன். கடைப் பையன் நல்ல பிள்ளைதான், ஆனால் போட்ட பாட்டெல்லாம் நெஞ்சுக்கூடு அதிரும் ரகம். அதற்கு எல்லாப் பெட்டியும் பிரமாதமாகத்தான் இருக்கும். பென் டிரைவில் கொண்டுபோயிருந்த அக்காவின் தாலாட்டைப் போடச் சொன்னேன். பிறந்ததிலிருந்து கேட்கிற குரல். அதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன், எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் வை என்று. கொஞ்சம் உரக்க இருப்பதே காதுக்கு உசத்தியாகத் தெரியும். விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மூன்றைக் கேட்டேன். யமஹா எச்.எஸ்.5: என்.எஸ்.10-இன் வெள்ளைக் கூம்பு வம்சம், 5 அங்குலம், 70 வாட், கீழே 54 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஜேபிஎல் 305பி மார்க் 2: இதுவும் 5 அங்குலம், 43 ஹெர்ட்ஸ் வரை. பிரிசோனஸ் எரிஸ் 3.5: பெயரிலேயே இருக்கிறபடி மூன்றரை அங்குலம், 80 ஹெர்ட்ஸோடு சரி. முதல் இரண்டுக்கும் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு, இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். எரிஸ் ஜோடியாகவே வரும். யமஹா ஜோடி முப்பதாயிரத்தைத் தாண்டியது. எரிஸ் ஜோடி பதினோராயிரத்துச் சொச்சம்.

குரல் யமஹாவில்தான் மிகத் துல்லியம். மறுக்கவில்லை. ஆனாலும் எரிஸை வாங்கினேன். காரணம் பணம் மட்டுமில்லை, என் அறை.

தலத்தெருவில் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டு அறை நீளம் 10 அடி, அகலம் 10 அடி, உயரமும் 10 அடி. பூஜை சாமான் வைக்க லட்சணமான அறை. ஒலிக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது. ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடுகிறது. 10 அடிச் சுவரில் மோதித் திரும்பி வர ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். வகுத்துப் பார்த்தால் 57 ஹெர்ட்ஸ் சுமார். அந்தத் தொனியில் அறை தானே ஒரு பானை மாதிரி கும்மென்று முழங்கும். நீளமும் அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் மூன்று முழக்கமும் அதே இடத்தில் வந்து ஏறி உட்காரும். 43-க்கும் 54-க்கும் இறங்கும் பெட்டியை அங்கே வைத்தால் கேட்பது பெட்டியை அல்ல, அறையை. 80-ஓடு நிற்கும் பெட்டி அந்தப் பூதத்தைத் தட்டி எழுப்புவதே அரிது. அக்காவின் குரலோ 150-க்குக் கீழே வருவதில்லை. ஒன்றாம் கட்டையில் பாடும் ஆண் பாடகருக்குக்கூட ஆதார சட்ஜம் 131, மந்தர பஞ்சமம் 98. ஆக, குரலைப் பதிகிறவனுக்கு 80 ஹெர்ட்ஸ் தாராளம். தவில், மிருதங்கம், சினிமா மெட்டு என்று போகிறவர்கள் 5 அங்குலத்துக்குப் போகட்டும், கூடவே அறையையும் கவனிக்கட்டும்.

மிச்சப்பட்ட பணத்தில் அறையைக் கவனித்தேன். உள்ளே நின்று கை தட்டினால் டொய்ங்கென்று ஒரு எதிரொலி வந்தது: சுண்ணாம்புச் சுவர், சிமெண்ட் தரை. கோரைப்பாய் விரித்தேன், மூலைகளில் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தினேன். அக்காவின் பழைய பீரோவைத் திறந்து வைத்தால் அடுக்கிய சேலைகள் ஒலியைக் குடிக்கின்றன; இணையத்தில் விற்கும் பஞ்சுப் பலகைகளைவிட இது மேல். பெட்டிகளை மூலையில் ஒட்டாமல் சுவரைவிட்டுத் தள்ளி, மேல்தொனிக் கூம்பு காது உயரத்துக்கு வருமாறு வைத்தேன். இரண்டு பெட்டியும் என் தலையும் ஒரு சமபக்க முக்கோணம். அறையின் நட்ட நடுவில் உட்காரக் கூடாது. அங்கே அடித்தொனி காணாமல் போகும்.

மின்துறையில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று உறுமல் வந்தால் பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்லும் மேதாவிகள் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடாதீர்கள். கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள், பேலன்ஸ்ட் கேபிள் போடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். நம் ஊர் உப்புக்காற்று வேறு. கேபிள் முனைகளை மாதம் ஒருமுறை உருவிச் சுத்தமான துணியால் துடையுங்கள், வேலை முடிந்ததும் பெட்டிகளை மூடி வையுங்கள்.

இன்னொரு விஷயம், நம் காது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு உச்சத்தொனிகள் கேட்பதில்லை. எந்த விலைப் பெட்டியும் அதைத் திருப்பித் தராது. பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டுப் பதிவைக் கேட்க வைத்தேன். "கொசு கத்துற மாதிரி இருக்கு தாத்தா" என்றான். எனக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை. அவன்தான் தேடிப்போய் ஒரு சார்ஜரைப் பிடுங்கினான், நின்றுவிட்டது.

இப்போது ஒன்பது தாலாட்டும் நான்கு நலங்குப் பாட்டும் முடிந்து பாரிஸுக்குப் போய்விட்டன. மானிட்டரில் கேட்டபோது ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அக்கா மூச்சு வாங்குவது பெரிதாகத் தெரிந்தது. வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டும் கவனத்தில் விழாத ஒன்று. நறுக்கி எடுத்துவிடலாம், ஒரு பொத்தான் போதும். எடுத்துப் பார்த்தேன், மெழுகுபொம்மை பாடுவது போல இருந்தது. திருப்பி வைத்துவிட்டேன். அக்காவுக்கே போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா மாதிரி இருக்குடா" என்றாள்.

ஒப்பாரிதான் பாக்கி. வீட்டுக்குள் உட்கார்ந்து ஒப்பாரி பாட மாட்டேன் என்று அக்கா அடம் பிடிக்கிறாள். சாவு விழாத வீட்டில் அதைப் பாடக் கூடாதாம். அதுவும் பேத்தி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் சமயத்தில் வாயைத் திறக்கவே மாட்டாளாம். பிரசவம் நல்லபடியாக முடியட்டும், அரசலாற்றுக் கரைக்கு வந்து பாடுகிறேன் என்கிறாள். காற்றுச் சத்தம் மைக்கில் ஏறாமல் இருக்க அதன் தலையில் போடும் பஞ்சுக் குல்லாய்க்குச் சொல்லியிருக்கிறேன்.