மூல ஓலை

சுந்தரர் திருமணத்தன்று முதியவராய் வந்த சிவபெருமான் காட்டிய அடிமை ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியோலைதான். மூல ஓலையைத் திருவெண்ணெய்நல்லூர் அவையோர்முன் முதியவர் நீட்டினார். அவர்களோ உடனே நம்பிவிடவில்லை; பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, எழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர்.

எங்கள் கிணற்று வழக்கிலும் மூலமே வேண்டியிருந்தது. பட்டாவும் அடங்கலும் தாலுகா அலுவலகத்தில் கிடைத்துவிட்டன. நீர்முறை யாருக்கு எத்தனை நாள் என்பதை அவை சொல்லா. அது பாட்டனார் எழுதிவைத்த கூர்ச்சீட்டில் இருந்தது. பதிவாகாத பத்திரம்; ஆகவே சார்பதிவாளரிடம் நகல் பெற வழியில்லை. பெரியப்பாவின் மகனான தமையனார், "தேடுகிறேன்" என்றே ஆண்டுகளைக் கடத்தினார்.

1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் கட்டளைப்படி மனுச் செய்தோம். பத்திரத்தைத் தாக்கல் செய்ய நீதிமன்றம் உத்தரவிட்டது. தமையனார் அதனை மஞ்சள் துணியில் சுற்றிக் கொணர்ந்தார். (அத்தனை பத்திரமாக வைத்திருந்த பொருளைத் தேடுவானேன்!)

ஆளுக்கு மூன்று நாள் நீர் என்றிருந்தது. சனிக்கிழமை நீர் சிவன் கோயில் நந்தவனத்திற்கு. இரு தரப்பு மனுவிலும் அந்த நாள் இல்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. சனிக்கிழமைகளில் மட்டும் வாய்க்காலை நந்தவனத்துப் பக்கம் திருப்பிவிடுகிறோம். ஒரு வாரம் அவர், மறுவாரம் நான்.