8259-ஐ எங்கே வைப்பது?

பொறியியல் கல்லூரியில் 8086 கிட்டோடு மல்லுக்கட்டியவர்களுக்கு 8259 நினைவிருக்கும். எட்டு இன்டரப்ட் லைன்களை முன்னுரிமைப்படி சிபியுவிடம் அனுப்பும் சிப். 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி-யில் இரண்டைக் கோத்து 15 லைன் ஆக்கினார்கள். கிளவுடில் எழுப்பும் மெஷினுக்குள் இன்றும் அது இருக்கலாம் என்றால், மைசூரு ஹெப்பாள் பக்கம் வேலைக்கு வரும் இளசுகள் சிரிக்கிறார்கள். நிஜ சிப் இல்லை. அதைப்போல் நடிக்கும் சி நிரல். அந்த நடிப்பைப் பராமரிப்பதும் குறைப்பதும்தான் என் பிழைப்பு.

மெய்நிகர் மெஷின்களை ஓட்ட 2007-இல் லினக்ஸுக்குள் வந்த கேவிஎம், பிறகு 8259, சாதனங்களின் இன்டரப்ட்டுகளை வாங்கும் ஐஓ-ஏபிக், சிபியுவுக்கு ஒன்றாக இருக்கும் லோக்கல் ஏபிக் மூன்றையுமே கர்னலுக்குள் இழுத்துக்கொண்டது. கர்னலுக்கு வெளியே சாதனங்களாக நடிக்கும் கியூஎம்யூ நிரல் வரை போய்த் திரும்பினால் நேரம் விரயம் என்பதுதான் காரணம். லோக்கல் ஏபிக்குக்கு அது நியாயம். டைமர் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் மெஷினுக்குள் ஓடும் ஓஎஸ், அதாவது கெஸ்ட், அதைத் தொடுகிறது. 8259 கதை வேறு. இன்றைய கெஸ்ட் பூட் ஆகும்போது அதன் வாயை அடைத்துவிட்டு அப்புறம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இதற்குப் போய் கர்னலில் இடமா? அங்கே ஓட்டை விழுந்தால் ஹோஸ்ட்டே போய்விடும்.

2016 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 4.4 ஒரு நடுவழி தந்தது: லோக்கல் ஏபிக் மட்டும் கர்னலில், மற்றவை வெளியே. வெளியே வந்த ஐஓ-ஏபிக் செய்வதெல்லாம், தன் 24 லைன்களையும் லைன் தேவைப்படாத எம்எஸ்ஐ செய்திகளாக மாற்றிக் கர்னலின் ரூட்டிங் அட்டவணையில் பதிவதுதான். எனக்கு இந்த வடிவம் மிகவும் பிடிக்கும். கர்னலுக்கு லைன் என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை.

ஆனால் சாதனம் கையெடுக்கும்வரை லைன் உயர்ந்தே நிற்கும் லெவல் இன்டரப்ட் எந்த எளிமைக்கும் மசியாது. ஒரே லைனை இரண்டு சாதனங்கள் பகிரும்போது, ஒரே காலிங் பெல்லை இருவர் அழுத்துவதுபோல, ஒருவர் கையெடுத்தாலும் மணி அடித்தாக வேண்டும். எல்லாமே கர்னலுக்குள் இருக்கும் ஏற்பாட்டில் கேவிஎம் அதனால் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு எண் வைத்து, யார் அழுத்துகிறார் என்பதற்கு ஒவ்வொரு பிட் ஒதுக்குகிறது; எல்லா பிட்டும் பூஜ்யமானால்தான் லைன் இறங்கும். "ஒரு பூலியன் போதாதா சார்?" என்று கேட்பவரிடம் அந்த எண்ணைக் காட்டுவேன். கெஸ்ட் வேலை முடித்தேன் என்று சொன்னதும் அந்தச் செய்தி ஐஓ-ஏபிக்கை எட்டவும் வேண்டும். பிரித்து வைத்த அமைப்பில் அதற்காகவே கர்னலிலிருந்து ஒருமுறை வெளியே வர வேண்டியிருக்கிறது.

இந்தச் சுமை இல்லாமல் பிறந்தவை கொடுத்து வைத்தவை. சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸர் பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவில், புதிய இன்டரப்ட் விதிமுறை கெஸ்ட்டுக்கென்றே வன்பொருளில் தனி இடம் ஒதுக்குகிறது. அனூப் பட்டேல் பராமரிக்கும் ரிஸ்க்-ஃபைவ் கேவிஎம்மில் அதற்கான ஆதரவு 2023-இல், லினக்ஸ் 6.5-இல் சேர்ந்தது.

எக்ஸ்86-இலும் 2025-இல் வந்த 6.17 முதல், கர்னலைக் கட்டும்போதே 8259, ஐஓ-ஏபிக், பிஐடி டைமர் மூன்றையும் விட்டுவிடலாம். நான் விட்டுவிடுகிறேன், ஓரிடத்தில் தவிர. தொழிற்சாலைகளில் பழைய விண்டோஸ் இன்னும் மெஷினை ஓட்டுகிறது. பிஐடி அடிகளை எண்ணியே நேரம் சொல்லும் கெஸ்ட் அது என்றால் சிக்கல். தவறிய அடிகளை கர்னல் பிஐடி பின்னால் சேர்த்துக் கொடுக்கும். கியூஎம்யூவுடையது கொடுக்காது, கடிகாரம் பின்தங்கும். அங்கே பழைய ஏற்பாடே ஓடட்டும்.